பின்னாலிருந்து இழுக்க எங்கே மாட்டுவது?

மழை விட்ட மறுநாள் ஜவ்வாது மலை மண்சாலையில் சாமை மூட்டையோடு இறங்குகிற பிக்கப் ஆகட்டும், பாலாற்று மணலைக் குறுக்கே கடக்கப் பார்த்த ஜீப் ஆகட்டும், சக்கரம் புதைந்துவிட்டால் வெளியேற நல்ல வழி பெரும்பாலும் வந்த வழிதான். வந்த தடம் ஏற்கெனவே அழுந்திக் கிடக்கிறது. முன்னால் இருப்பது மிதிபடாத சேறு. ஆகவே முன்பக்கக் கொக்கியைவிடப் பின்பக்கத்துக்குத்தான் வேலை அதிகம்.

ஆனால் அவசரத்தில் கயிறு போய் மாட்டுவது பம்பரில், பட்டை ஸ்பிரிங்கில், அல்லது சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் தொங்கும் மெல்லிய வளையத்தில். அந்த வளையம் பெரும்பாலும் வண்டியை லாரியில் ஏற்றும்போது நகராமல் கட்டிவைப்பதற்காகக் கொடுத்தது. திடீர் இழுப்பைத் தாங்க அதைச் செய்யவில்லை. இவற்றையெல்லாம்விட மோசம் டிரெய்லர் குண்டு, அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை. குண்டின் கழுத்து மெல்லியது, இழுப்பு விழுவதோ அதன் தலையில். கழுத்து வளைந்து முறிந்தால், நீண்டு நிற்கும் இழுவைப் பெல்ட் உண்டிவில்லாக மாறிக் குண்டை எறிந்துவிடும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2 டன் வண்டி மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் இழுக்கிறது என்றால் அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 17 கிலோஜூல். இழுத்தால் நீண்டுகொடுக்கும் 9 மீட்டர் நைலான் ஸ்னாட்ச் பெல்ட் 20 சதவீதம் நீண்டால், அந்த ஆற்றல் 1.8 மீட்டர் தூரத்தில் பரவிச் செலவாகும். புதைந்த வண்டி அசையாவிட்டாலும் விசை சராசரியாக 1 டன், உச்சத்தில் 2 டன். அதே வேகத்தில் இரும்புச் சங்கிலியை மாட்டி, எல்லாம் சேர்ந்து 10 செ.மீ. மட்டும் விட்டுக்கொடுத்தால் சராசரியே 17 டன்னைத் தாண்டும். எதுவும் 17 டன் வரை காத்திருக்காது. அதற்கு முன்பே எங்கோ பிய்ந்துவிடும். சங்கிலியால் மெதுவாக, இறுக்கி வைத்து இழுக்கலாம். ஓடிவந்து வெட்டி இழுக்கக் கூடாது.

வண்டியில் டிரெய்லர் மாட்டுவதற்கான 50 மி.மீ. சதுரக் குழாய் ஹிட்ச் ஏற்கெனவே இருந்தால், அது சேசிஸோடு சரியாகப் போல்ட் போட்டதா என்று மட்டும் பாருங்கள். குண்டைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாய்க்குள் ஷாக்கிள் (குறுக்குப் பின்னால் வாயை மூடும் இரும்பு வளையம்) மாட்டும் கட்டியைச் செருகி, குறுக்கே 16 மி.மீ. பின்னை (இரும்பு ஊசியை) போட்டால் வேலை முடிந்தது. இதைவிட மலிவான வழி கிடையாது. கட்டி இல்லாமல் பெல்ட்டின் கண்ணைக் குழாய்க்குள் விட்டுப் பின்னை மட்டும் கோப்பவர்களும் உண்டு. ஆபத்துக்கு ஒருமுறை பரவாயில்லை; ஆனால் இழுப்பு பின்னின் நடுவில் விழுவதால் அந்த ஊசி வளைந்து, சுத்தியலால் அடித்தாலும் வெளியே வராது.

ஹிட்ச் இல்லாத வண்டிக்குப் பட்டறைக்குப் போனால் "ஒரு கம்பிய வளைச்சு வெல்டு வெச்சுட்லாம்ணா" என்பார்கள். வேண்டாம். கட்டடக் கம்பியின் பலம் அதன் வெளித்தோலில் இருக்கிறது; காய்ச்சி வளைத்தால் அந்தப் பலம் போய்விடும். சேசிஸின் குறுக்கே வெல்டு வைத்தால் அந்த ஓரத்தில் விரிசல் தொடங்கும்.

பதிலாக, ஷாக்கிள் கோக்கத் துளையிட்ட இரண்டு தகடுகளை, சேசிஸின் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று போல்ட் போட்டு மாட்டுங்கள். ஐ.எஸ். 2062 தரத்தில் 12 மி.மீ. கனம் போதும். ராணிப்பேட்டை பெல் ஆலையைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் கூடங்களுக்குத் தகடு வெட்டுவது அன்றாட வேலை. காகிதத்தில் வரைந்து கொடுத்தால் போதும். 19 மி.மீ. வில் ஷாக்கிளின் பின் 22 மி.மீ. இருக்கும், எனவே துளை 24. துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே 30 மி.மீ. இரும்பு இருந்தால் 10 டன் வரை கிழியாது. ஷாக்கிளின் வாய் 32 மி.மீ. அகலம், தகடு 12 தான். மிச்சத்துக்கு இருபுறமும் வாஷர் போட்டு நடுவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கோணலாக இழுக்கும்.

போல்ட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலையில் 8.8 என்று பலத்தின் தர எண் பொறித்த 12 மி.மீ. போல்ட் வெட்டுபட சுமார் 4 டன் வேண்டும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் 4.6 ரகத்துக்கு 2 டன் போதும். எண்ணே இல்லாத போல்ட்டைத் தொடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று 8.8 போட்டு, 80 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கம்பெனி போட்ட துளை இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைப்பதானால் சேசிஸின் பக்கச் சுவரில் மட்டும், மேல் கீழ் விளிம்புகளில் கூடாது. சேசிஸ் 'ப' வடிவமாக இருந்தால் போல்ட் நேராக இறுகும். பெட்டி வடிவமாக இருந்தால் உள்ளே சரியான நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டு கொடுத்து அதற்குள் போல்ட்டை விட வேண்டும். இல்லையென்றால் முறுக்க முறுக்கச் சுவர் உள்ளே அமுங்கும், இரண்டே இழுப்பில் போல்ட் தளர்ந்துவிடும்.

ஷாக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்க வேண்டும். நல்ல தயாரிப்பு அதைப் போல ஆறு மடங்கில்தான் உடையும். எதுவும் பொறிக்காத அலங்கார ஷாக்கிள் கயிறு உலர்த்தத்தான் ஆகும்.

இழுக்கும்போது இரு தகடுகளையும் ஒரே பெல்ட்டால் இணைத்து நடுவிலிருந்து இழுங்கள். நடுக்கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்த இழுப்பில் 58 சதவீதம். 120 பாகையாக விரிந்தால் ஒவ்வொன்றுக்கும் முழு இழுப்பே விழும், எனவே இணைப்புப் பெல்ட் நீளமாக இருக்கட்டும். இழுவைப் பெல்ட்டின் நடுவில் நனைத்த கோணியைப் போடுங்கள். அறுந்தாலும் அதன் கனம் வீச்சைக் கொஞ்சம் அடக்கும். சுற்றி நிற்பவர்கள் பெல்ட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு விலகி நிற்க வேண்டும். முதலில் சக்கரத்தைச் சுற்றி மண்வெட்டியால் பறித்துவிடுங்கள். சக்கரம் நடு அச்சு வரை புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கே இழுக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரம் பறித்தால் அது பாதியாகக் குறையலாம்.

மாட்டிய அன்றே ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகட்டுக்கு நீள்கிற மாதிரி வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவையுங்கள். ஒவ்வொரு மீட்புக்குப் பிறகும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தாலோ, தகட்டின் வட்டத் துளை முட்டை வடிவம் ஆகியிருந்தாலோ, அந்தப் பக்கத்துப் போல்ட்டுகளை மறுபடி முறுக்காமல் மூன்றையும் மாற்றுங்கள். முட்டையான தகட்டையும் எடைக்குப் போட்டுவிடுங்கள்.