மானியம்: சொல் பிறந்த கதை

தேவிபட்டினம் பக்கம் ஒரு பெரியவரிடம், "வெளிநாட்டில் வரப்புப் புல்லையும் பூவையும் வெட்டாமல் விட்டால் அரசாங்கமே மானியம் கொடுக்குதாம் ஐயா" என்றேன். "மானியமா? எம்புட்டு ஏக்கரு தம்பி?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: சொல்லின் பழைய பொருளைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

மானியம் வடசொல். 'மான்ய' என்றால் மதிக்கத்தக்கது. சன்மானமும் அதே குடும்பம். மதிப்புச் செய்து வரி நீக்கி விட்ட நிலம் மானியம் ஆயிற்று. சேதுபதிகள் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சத்திரத்துக்கும் விட்டது இதுதான். ஊர் வேலை பார்ப்பவருக்கு விட்டது ஊழிய மானியம். தமிழில் இதற்கு இறையிலி என்று பெயர். இறை என்பது வரி. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம் கல்வெட்டில் ஏரிப்பட்டி. ஆக, ஒரு வேலை, அதற்கொரு நிலம்.

இன்றைய உர மானியம் வேறு. விலையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, அவ்வளவுதான்.

புல்லும் பூவும் பூச்சியும் பறவையும் வாழ இடம் விடுவதற்குத் தரும் பல்லுயிர் மானியம் பழைய பொருளுக்குத்தான் நெருக்கம். சுவிட்சர்லாந்தில் அரசின் நேரடித் தொகை வேண்டுமானால் பொதுவாக நிலத்தில் 7 சதவீதத்தையாவது பல்லுயிருக்கு ஒதுக்க வேண்டும்: பிந்தி அறுக்கும் புல்வெளி, வேலிப்புதர், வயலோரப் பூச்செடி வரிசை. 1992இல் ஐரோப்பியப் பொது வேளாண் கொள்கையைத் திருத்தியபோது, உறுப்பு நாடுகள் எல்லாமே இயற்கையைப் பேணும் உழவருக்குத் தொகை தரும் திட்டம் வைத்தாக வேண்டும் என்றானது. விளைச்சல் குறைவதற்கு ஈடு, பார்த்த வேலைக்குக் கூலி.

நம் பக்கம் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி பறவைகள் சரணாலயங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், ஏறின. கருவேல மரத்தில் கூடு கட்டும் நாரைக்குச் சரணாலய எல்லைக்கல் தெரியுமா? இரைக்கு அது பக்கத்து வயலிலும் இறங்கும். அந்த வயல்காரருக்குத் தரும் தொகைக்கு என்ன பெயர்?

நல்கை என்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் நல்குதல் என்றால் மனமிரங்கி அருளுதல்; குறளில் காதலர் 'நல்காமை'க்குத்தான் கண் பனிக்கிறது. கூலியை அருளாக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஊக்கத்தொகை பரவாயில்லை, ஆனால் எதற்கு என்று சொல்லாது. பேணுதொகை என்று எழுதிப் பார்க்கிறேன்.

பெரியவரிடம் சொன்னேன். வரப்புப் பனையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டி, "இதுக்கு விட்ட மானியம்னு சொல்லு, புரியும்" என்றார்.