பீலித் தண்ணீரும் பி53 புரதமும்

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். மாத்திரையில நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னு ஏன் முத்திப் போச்சு? செய்வினைன்னு சொல்றாங்களே?"

செய்வினை இல்லை, தங்கச்சி. எல்லாம் கலத்துக்குள் நடப்பது.

நாட்பட்ட மைலோயிட் என்ற இரத்தப் புற்றுநோய் வகையில், பரம்பரை அலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்களில் 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாறி ஒட்டிக்கொள்ள, பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் பிறந்து வெண்குருதிக் கலங்களைப் பெருகச் சொல்லி விரட்டுகிறது. 2001இல் பாவனைக்கு வந்த இமாட்டினிப் மாத்திரை அதை அடக்கும். நோய் முற்றுவதற்கு வேறு பழுதுகளும் சேர வேண்டும். அவற்றில் ஒன்று, 17ஆம் நிறமூர்த்தத்தில் காவல் இருக்கும் பி53 பரம்பரை அலகு கெட்டுப்போவது.

இந்தக் காவல் நடக்கும் விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். நம் லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். ராப்பகலாகத் தண்ணீர் கொட்டுகிறது. அடியில் ஓட்டை இருப்பதால் தொட்டி நிறைவதே இல்லை. கலமும் அந்த அலகைக் கொண்டு பி53 புரதத்தைச் செய்துகொண்டே இருக்கிறது. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிக்க அனுப்பிக்கொண்டே இருக்கிறது. செய்ததில் பாதி அரை மணி நேரத்துக்குள் போய்விடும். வீண்வேலை போலத் தெரிகிறதா? டிஎன்ஏ அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஓட்டையை அடைத்தால் போதும். பி53இல் பொஸ்பேற்று என்ற சின்ன இரசாயனத் துண்டு ஒட்டிக்கொள்கிறது, எம்டிஎம்2ஆல் பிடிக்க முடிவதில்லை, தொட்டி கிடுகிடுவென நிறைகிறது. நிறைந்த பி53 கலப்பிரிவை நிறுத்தும், பழுதுபார்க்க நேரம் கொடுக்கும், சரிவராவிட்டால் கலத்தையே சாகச் சொல்லும். கூடவே எம்டிஎம்2வையும் அதிகமாகச் செய்யவைக்கும். தன்னை அழிக்கும் ஆளைத் தானே கூட்டிவருகிறது! ஆபத்து தீர்ந்ததும் ஓட்டை திறந்துகொள்ளும்.

பி53 நாலு நாலாகச் சேர்ந்துதான் வேலை செய்யும். அந்தப் பரம்பரை அலகின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் விகாரம் என்ற மாற்றம் வந்து பாதிப் புரதம் பழுதானால், நாலும் நல்லதாகச் சேர 16இல் ஒரு வாய்ப்புத்தான். அப்புறம் மற்றப் பிரதியும் தொலைந்தால், கலங்கள் பழுதோடு பழுதாகப் பிரிந்து, முதிராமலே, எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் என்பு மச்சையை நிரப்பும்.

மாத்திரையை ஒழுங்காகக் குடிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் இவ்வளவு தூரம் வருவதில்லை. நேர்த்திக்கடன் வைத்து மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறுகிறது. ஒரு இரத்தப் பரிசோதனைக்கு ஒருநாள் பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து கொழும்புப் பக்கம் பஸ் ஏறும் நிலையும் மாற வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கான பணம் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குத்தான் முதலில் வர வேண்டும் என்பேன்.

அப்பாவுக்கு எந்தப் பழுது என்று பரிசோதனைதான் சொல்லும். பிசிஆர்-ஏபிஎல்லிலேயே புது விகாரம் வந்திருக்கிறதா என்று டொக்டரிடம் கேளுங்கள். அதைப் பொறுத்து வேறு மாத்திரைக்கு மாற்ற முடியும்.