கடினமான புத்தகத்தைக் கையில் திணிக்காதீர்கள்

கட்டுரை எழுதக் கற்றுக்கொள்ள வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?" என்பதுதான். அண்மையில் வந்த மாணவி ஒருத்தி, பையிலிருந்து ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓரங்களிலும் வரிகளுக்கு இடையிலும் பென்சிலால் சொற்பொருள் எழுதியிருந்தாள். முதல் சில பக்கங்களுக்குப் பிறகு பென்சில் தடமே இல்லை. "எனக்கு ஆங்கிலம் வராது சார்" என்றாள்.

ஆங்கிலம் வராமல் போகவில்லை. தவறான புத்தகம் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கொடுத்தவர் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் இந்த நல்ல எண்ணத்தால் வாசிப்பையே கைவிட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. செருப்பு வாங்கும்போது காலுக்கு அளவு பார்க்கிறவர்கள், புத்தகம் வாங்கும்போது மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

புத்தகம் எவ்வளவு கடினமாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக ஆங்கிலம் வளரும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். இது தவறு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், முழுத் தவறு. அந்த நாவல் வெளியான ஆண்டு 1813. அதன் வாக்கிய அமைப்பு, நிறுத்தக்குறிகள், உரையாடல்களில் உள்ள மரியாதைச் சுற்றல்கள் எல்லாம் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையவை. அதன் முதல் வாக்கியமே ஒரு கேலி. பணக்கார இளைஞனுக்கு மனைவி தேவை என்பது உலகறிந்த உண்மை என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்கிறார் ஆஸ்டின். அதை ஆசிரியரின் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன். அது மிகச்சிறந்த நாவல்தான், என் மனத்துக்கு நெருக்கமானதும்கூட. ஆனால் அதைச் சுவைக்க ஆங்கிலம் முன்பே கைவந்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியருக்கும் டிக்கென்ஸுக்கும் இதையேதான் சொல்வேன். பெரியவர்களின் பெயரைக் கேட்டதும் தலையாட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

"தெரியாத சொற்கள் நிறைய வந்தால்தானே புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும்?" என்று கேட்கிறார்கள். முடியாது. ஒரு புதிய சொல்லின் பொருள் அதைச் சுற்றியுள்ள சொற்களிலிருந்துதான் பிடிபட வேண்டும். சுற்றியுள்ளவையும் தெரியாதவையாக இருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு ஊகிப்பது? சொல்லறிவு ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷனும் அவருடைய சக ஆய்வாளரும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கதை ஒன்றைத் துணையில்லாமல் போதிய அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அதாவது, ஐம்பது சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். 2006-இல் நேஷன் இன்னொரு கணக்கும் போட்டார். பொதுவாசகர்களுக்கான ஆங்கில நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவுக்குப் புரிந்து படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வரை தெரிந்திருக்க வேண்டும். 'எழுது, எழுத்து, எழுத்தாளர்' ஆகியவற்றை ஒரே குடும்பமாக எண்ணினால் எப்படியோ, அப்படிப்பட்ட குடும்பங்கள் எட்டாயிரம்! இரண்டாயிரம் தெரிந்தவரிடம் பெரிய நாவலைக் கொடுத்துவிட்டு, அவர் பாதியில் நிறுத்தினால் சோம்பேறி என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

வாங்குவதற்கு முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரல்களும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகத்தை இப்போதைக்குத் திரும்ப வைத்துவிடுங்கள். அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் பக்கத்தில் மட்டும் சோதிக்கவும் வேண்டாம், பல ஆசிரியர்கள் முதல் பக்கத்தை மட்டும் தனியாக இழைத்திருப்பார்கள்.

அப்படியானால் எதைப் படிப்பது? தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தரப்படுத்திய வாசிப்பு நூல்கள் இருக்கின்றன. சொற்களை எண்ணி, வரையறுத்து, அந்த எல்லைக்குள் எழுதப்படுபவை அவை. இந்த முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், 1920-களில் வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர். அங்கிருந்த பிள்ளைகள் திணறுவதைப் பார்த்துத்தான் சொற்களைக் கட்டுப்படுத்திய நூல்களை உருவாக்கினார். இன்று பல பதிப்பகங்கள் இத்தகைய வரிசைகளை வெளியிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை நூல்கள் 400 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை, ஆறாம் நிலை 2,500 சொற்கள். இவற்றையும் 'சுருக்கப் பதிப்பு' என்று விற்கப்படுபவற்றையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். சுருக்கப் பதிப்பில் பெரும்பாலும் பக்கங்கள்தான் குறைந்திருக்கும், சொற்களின் கடினம் அப்படியே இருக்கும்.

சிறுவர் நூல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இந்த வயதில் குழந்தைப் புத்தகமா?" என்று கூசுகிற பெரியவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். 'ஷார்லட்ஸ் வெப்' என்ற சிறுவர் நாவலை 1952-இல் எழுதிய ஈ. பி. ஒயிட்தான், தன் பேராசிரியர் ஸ்ட்ரங்கின் உரைநடைக் கையேட்டைத் திருத்தி விரிவாக்கி 1959-இல் வெளிவரச் செய்தார். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களில் பலர் இன்றும் பக்கத்தில் வைத்திருக்கும் கையேடு அது. சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுவது எப்படி என்று கையேட்டில் சொன்னதை, அதற்கு முன்பே ஒரு பன்றிக்குட்டியின் கதையில் செய்துகாட்டிவிட்டார். அதைப் படிக்க எந்த வயதிலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, கட்டுரை எழுத விரும்புகிறவர்கள் கட்டுரை படிக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. கையில் இருப்பது முழுக்க நாவல்கள், எழுத வேண்டியது கட்டுரை! நாவல் மொழியோட்டத்தைத் தரும், சொற்களைத் தரும். ஒரு கருத்தை முன்வைத்து, காரணம் காட்டி, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லி முடிக்கும் பழக்கத்தை அது தருவதில்லை. திருத்தும்போது முதல் பத்தியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். நாவல் மட்டுமே படித்தவர் வானிலையில் தொடங்குவார். மாதிரிக் கட்டுரைத் தொகுப்பு படித்தவர் பொன்மொழியில் தொடங்குவார், அதே பொன்மொழி அடுத்த தாளிலும் இருக்கும்.

மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் கட்டுரைகளில் ஒன்றையாவது நிதானமாகப் படியுங்கள். அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி 1946-இல் அவர் எழுதிய கட்டுரை ஆறு விதிகளோடு முடிகிறது. அச்சில் அடிக்கடி பார்த்துப் பழகிய உவமையைப் பயன்படுத்தாதே என்பது முதல் விதி, சிறிய சொல் போதுமான இடத்தில் பெரிய சொல்லைப் போடாதே என்பது இரண்டாவது. பெரிய சொல் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறவர்களிடம் நான் காட்டுவது இந்த இரண்டாம் விதியைத்தான். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் பொதுவாசகர் கட்டுரைகளும் நல்ல தேர்வு, சிக்கலான கருத்தையும் தெளிந்த வாக்கியங்களில் சொல்வார். நாளிதழ்த் தலையங்கங்களையும் படிக்கலாம். ஆனால் அவை வாசகருக்குப் பின்னணி தெரியும் என்று எண்ணியே எழுதப்படுபவை. செய்தியை முதலில் படித்துவிட்டுத் தலையங்கத்துக்கு வாருங்கள்.

படிப்பதோடு நிறுத்தினால் எழுத்து வந்துவிடாது. இங்கே நான் பரிந்துரைப்பது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்வரலாற்றில் விவரிக்கும் பயிற்சி. இளைஞராக இருந்தபோது அவர் கையில் 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதி ஒன்று கிடைத்தது. அடிசனும் ஸ்டீலும் 1711-இல் தொடங்கிய இதழ் அது. அதில் பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சில சொற்களில் குறித்துக்கொண்டு, சில நாள் ஒதுக்கி வைத்துவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளிலிருந்து தன் சொற்களில் கட்டுரையை மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்துவார். சில வேளைகளில் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரங்களுக்குப் பிறகு சரியான வரிசைக்குக் கொண்டுவர முயல்வார். கருத்துகளை ஒழுங்குபடுத்தும் முறையை அப்படித்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்.

இந்தப் பயிற்சிக்குச் செலவே இல்லை. இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றும் ஒரு நோட்டும் போதும். என் மாணவர்களில் பலர் ஒதுக்கி வைக்கும் சில நாளைத் தவிர்த்துவிட்டு, படித்த உடனே எழுதுகிறார்கள். உடனே எழுதினால் மனத்தில் ஒட்டியிருக்கும் வாக்கியமே திரும்ப வரும். பொறுத்திருங்கள். மறந்தால்தான் உங்கள் வாக்கியம் பிறக்கும்.

இனி சில எச்சரிக்கைகள். 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகை நூல்களை வாங்காதீர்கள், அவற்றில் பலவற்றின் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே பிழைகளை வட்டமிட்டிருக்கிறேன். காப்புரிமை முடிந்த பழைய நூல்களின் மலிவுப் பதிப்புகளில் அச்சுப்பிழை மலிந்திருக்கலாம், நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 1971-இல் தொடங்கப்பட்ட குட்டன்பர்க் திட்டம் என்ற மின்னூலகத்தில் இலவசமாகப் பல்லாயிரம் நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் பழையவை. இலவசம் என்பதற்காக அங்கிருந்து தொடங்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டாதீர்கள், திரும்பத் திரும்ப வந்து தொல்லை தரும் சொல்லுக்கு மட்டும் பாருங்கள். பார்க்கும் அகராதி கற்போருக்கானதாக இருக்கட்டும். லாங்மன் அகராதி 1978-இல் வெளிவந்தபோதே ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் பொருள் விளக்கியது. ஒத்தசொல் அகராதியைத் தொடவே தொடாதீர்கள். எளிய சொல்லை எடுத்துவிட்டு அதில் தேடிப் போட்ட பெரிய சொல், திருத்துகிறவர் கண்ணில் உடனே உறுத்தும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை விளையாட்டைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எளிய ஆங்கிலத்தில் ஒரு புத்தகத்தை விரும்பி எடுத்தால், அதைப் பிடுங்கிவிட்டு உயர்ந்த இலக்கியத்தைக் கையில் திணிக்காதீர்கள். "எத்தனை பக்கம் முடித்தாய்?" என்று கணக்குக் கேட்காதீர்கள். "அதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள், சொல்லும்போது பிழை திருத்தாதீர்கள். பாதியில் ஒரு புத்தகத்தை மூடிவைத்தால் திட்டாமல், அடுத்ததைத் தேர்ந்தெடுக்க நூலகத்துக்கு அழைத்துப் போங்கள்.