பீட்டா செல்கள் எவ்வளவு மிச்சம்? ஸ்கேனில் அளக்கும் முயற்சி

இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் ஒரு சர்க்கரை நோயாளியின் கணையத்தில் எவ்வளவு மிச்சமிருக்கின்றன? இதை நேராகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. சி-பெப்டைடு கொஞ்சம் நெருங்கி வருகிறது. இன்சுலின் உருவாகும்போது கூடவே பிரியும் புரதத்துண்டு அது. ஆனால் செல்கள் இப்போது எவ்வளவு சுரக்கின்றன என்பதைத்தான் அது காட்டும். நாள்பட்ட உயர் சர்க்கரையில் சோர்ந்து சுரக்காமல் கிடக்கும் செல்லும் செத்துப்போன செல்லும் அதற்கு ஒன்றுதான். சோர்ந்தது மீண்டு வரலாம், செத்தது வராது. சிகிச்சைக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

கணையத்தையே வெட்டிப் பார்ப்பதும் சுலபமில்லை. நார்வேயில் புதிதாக டைப் 1 சர்க்கரை நோய் வந்த 6 பேரின் கணைய வாலிலிருந்து சிறு துண்டு எடுத்தார்கள். சிலருக்குச் சிக்கல் வந்ததால் அத்துடன் ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

சரி, ஸ்கேன்? பீட்டா செல்கள் இருக்கும் திட்டுகள் கணையத்தில் 1 முதல் 2 சதவீதம்தான். ஒரு திட்டின் சராசரி அகலம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். உடலில் ஏற்றிய கதிரியக்கப் பொருளை வைத்துப் படமெடுக்கும் பெட் (PET) ஸ்கேனுக்குச் சில மில்லிமீட்டருக்குக் கீழே எதுவும் தனியாகத் தெரியாது. இரவு விமானத்திலிருந்து ஊரைப் பார்ப்பது மாதிரி: விளக்குகளை எண்ண முடியாது, மொத்த வெளிச்சத்தை அளக்கலாம். அதற்கு பீட்டா செல்களில் மட்டும் விளக்கேற்ற வேண்டும்.

அதற்கான பொருள் ஒரு பல்லியிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப்பல்லியின் உமிழ்நீரில் எக்ஸெண்டின்-4 என்ற புரதத்துண்டு இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் எங் 1992இல் வெளியிட்டார். பீட்டா செல்களின் மேல் நிறைய இருக்கும் ஜிஎல்பி-1 ஏற்பியில் (குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1 ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) அது போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவைக் கோத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். கேலியம் விடும் பாசிட்ரான் பக்கத்திலிருக்கும் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். நோயாளியைச் சுற்றியுள்ள வளையம் இந்த ஜோடிகளைப் பிடித்து, வெளிச்சம் எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று கணக்கிடும். கேலியத்தின் அரை ஆயுள் 68 நிமிடம், ஆகவே சில மணி நேரத்தில் கதிரியக்கம் அடங்கிவிடும்.

பெரிய இடைஞ்சல் சிறுநீரகம். எக்ஸெண்டின் அங்கேதான் குவிகிறது. கணையத்தின் வால் இடது சிறுநீரகத்தை ஒட்டி இருப்பதால், அந்தப் பளிச்சில் கணையத்தின் மங்கல் வெளிச்சம் மூழ்கிவிடுகிறது. சிறுநீரகத்திலிருந்து விலகினால் நிலைமையே வேறு. பிரான்சின் லீல் நகரில் ஒருவரின் முன்கைத் தசையில் அவருடைய திட்டுகளையே பதியம் வைத்திருந்தார்கள். இண்டியம் என்ற இன்னொரு கதிரியக்க அணுவைக் கோத்த எக்ஸெண்டின் அவை உயிரோடிருப்பதைத் தெளிவாகக் காட்டியது, 2010இல்.

கணையத்துக்குள்ளேயே அளந்து பார்த்தபோது, டைப் 1 உள்ளவர்களிடம் வெளிச்சம் குறைவாக இருந்தது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் அளவு பெரிதும் மாறுகிறது. எனவே ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்து ஒருவருக்கு இவ்வளவுதான் மிச்சம் என்று சொல்வதைவிட, அதே ஆளைச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடி ஸ்கேன் செய்து ஒப்பிடுவதைத்தான் நான் நம்புவேன். கூடவே சி-பெப்டைடையும் பார்க்க வேண்டும். ஸ்கேனில் வெளிச்சம் இருந்து சி-பெப்டைடு குறைவாக இருந்தால், அந்தச் செல்கள் சாகவில்லை, சோர்ந்திருக்கின்றன என்று சந்தேகிக்க இடமுண்டு.