பின்சில்லு எங்கே நிற்கிறது?

ஒக்ரோபர் மாத இரண்டாம் திங்களை ஒட்டி வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறையில்தான் ஒன்ராறியோவில் பலர் படகைக் கரையேற்றிக் குளிர்காலத்துக்கு மூடி வைக்கிறார்கள். ட்ரெயிலர் திருத்துவதும் சிக்கிய வாகனங்களை இழுத்தெடுப்பதும் என் வேலை. அதனால் அந்த மூன்று நாளும் எனக்கு வான்கோழி கிடையாது, படகை இறக்கி ஏற்றும் சாய்தளமான ராம்ப் ஓரம்தான்.

சில வருடங்களுக்கு முன் சிம்கோ ஏரிக்கரையில் ஒரு பிக்கப், பின்பெட்டி மூழ்க நின்றது. சொந்தக்காரர் ஸ்கார்பரோவிலிருந்து வந்த எங்கட ஆள்தான். இடுப்புவரை நனைந்திருந்தார். "தம்பி, பார்க்கிலை போட்டிட்டுத்தான் இறங்கினனான். ஹேண்ட் பிறேக்கும் இழுத்தனான். பிறகெப்பிடி?" என்றார். பொய்யில்லை. வாகனத்தை மேலே எடுத்துப் பார்த்தபோது இரண்டும் போட்டபடியே இருந்தன.

பின்சில்லு மட்டும் இழுக்கும் பிக்கப்பில் கியரின் 'பார்க்' நிலை பூட்டுவது பின்சில்லுகளை மட்டுமே. ஹேண்ட் பிறேக்கும் அநேகமாக அதே இரண்டைத்தான் பிடிக்கும். கால் பிறேக்கில் இருக்கும்வரை நான்கு சில்லும் வாகனத்தைத் தாங்குகின்றன. நீங்கள் கதவைத் திறந்து இறங்கியதும் முழுப் பாரமும் இரண்டின் தலையில் விழுகிறது. அந்த இரண்டும் நிற்பதோ தண்ணீர் விளிம்பில், பாசியின் மேல். முன்சில்லுகள் காய்ந்த கொங்கிறீட்டில் சுகமாக நின்றாலும் அவற்றை உருளவிடாமல் பிடிக்க ஒன்றுமில்லை. படகு மிதக்கும்போது அதன் பாரம் கொக்கிக்கு வராததால் பின்சில்லு தரையை அழுத்துவதும் குறைந்துபோகிறது.

ஏறுவதிலும் இதே கதைதான். "எஞ்சின் காணாது, நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வாங்கவேணும்" என்பார்கள். எஞ்சின் தாராளமாகக் காணும். கணக்கைப் பாருங்கள். பிக்கப் 2200 கிலோ, படகும் ட்ரெயிலரும் 1500 கிலோ. ராம்ப்கள் பொதுவாக 12 முதல் 15 சதவீதச் சாய்வு. 15 என்று வைத்தால் மேலே ஏற்ற ஏறத்தாழ 555 கிலோ இழுவை வேண்டும். பின்சில்லுகளின் மேல் கொக்கிப் பாரத்தோடு சுமார் 1100 கிலோ இருக்கும். காய்ந்த கொங்கிறீட்டில் அதில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 770 கிலோ பிடிமானம் கிடைக்கலாம். பாசியில் பத்தில் மூன்று பங்கு கிடைத்தாலே பெரிது. 330 கிலோவை வைத்துக்கொண்டு 555 கிலோவை எப்படி இழுப்பது? அதிலும் இரண்டு பின்சில்லுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சில்லு வழுக்கினால் மற்றதும் சக்தி இழக்கும். ஒரு ரயர் மட்டும் காய்ந்த இடத்தில் நின்று பயனில்லை.

ஆகவே இரண்டு பின்சில்லும் பாசி முடியும் இடத்தைத் தாண்டி மேற்பக்கமாக நிற்கவேண்டும். கோடையில் பாசி முடிவது தண்ணீர் விளிம்பில். இலையுதிர்காலத்தில் அந்தக் கணக்குப் பிழைக்கும். சிம்கோவின் நீர்மட்டத்தை ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழி நிர்வாகம் அந்தப் பருவத்தில் இறக்கும். கோடை முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த கொங்கிறீட் வெளியே வந்து, காய்ந்ததுபோலத் தோற்றம் காட்டும். நான் இறங்கிப்போய் செருப்பால் தேய்த்துப் பார்ப்பேன். வழுக்கினால் அது பாசிதான், நிறத்தைப் பார்க்கத் தேவையில்லை.

நிறுத்தும் ஒழுங்கும் முக்கியம். கால் பிறேக், நியூட்ரல், ஹேண்ட் பிறேக். பிறகு காலை மெல்லத் தளர்த்தி, பாரம் பிறேக்கில் உட்காரவிட்டு, கடைசியாகப் பார்க். அதற்குமேல் முன்சில்லுகளுக்குப் பின்னால் றப்பர் கட்டை. கூட வந்தவர் கட்டையை வைத்து முடிக்கும்வரை உங்கள் கால் பிறேக்கைவிட்டு எழக்கூடாது. கட்டையில் கயிறு கட்டி வாகனத்தோடு முடிந்துவிட்டால் ஏறும்போது அதுவும் பின்னாலேயே இழுபட்டு வரும், குனிந்து எடுக்க வேண்டாம். ராம்பில் நிற்கும்போது கண்ணாடி இறக்கியிருக்கட்டும், சீட் பெல்ட் கழற்றியிருக்கட்டும். பிள்ளைகள் மேலேயே நிற்கட்டும்.

ஏறும்போது சில்லு சுழன்றால் உடனே நிறுத்துங்கள். மிதிக்க மிதிக்கப் பிடிமானம் குறையும், வாகனம் பக்கவாட்டில் போகும். பின்பெட்டியில் 100, 150 கிலோ மணல்மூட்டை போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். இங்கே பனிக்குப் போடுகிற அதே மூட்டைதான். அதுவும் சரிவரவில்லையென்றால், சமதரையில் நிற்கும் இன்னொரு வாகனத்திலிருந்து நீளமான பட்டியால் இழுக்கலாம். பட்டியை வாகனத்தின் சட்டகத்திலுள்ள கொக்கியில் மாட்டவேண்டும், ட்ரெயிலரைப் பூட்டும் பந்தில் ஒருபோதும் கூடாது. பந்து உடைந்தால் குண்டுபோலப் பறக்கும். பட்டியின் நேரே எவரும் நிற்கக்கூடாது.

சிலர் படகின் எஞ்சினை முடுக்கி அதை ட்ரெயிலருக்கு ஏற்றுவார்கள். புறொப்பெல்லர் அடிக்கும் தண்ணீர் ராம்ப் முடிகிற இடத்தில் குழி தோண்டும். பிறகு வருகிறவரின் ட்ரெயிலர் சில்லு அதற்குள் விழும். விழுந்தால் முன்னுக்கு இழுத்து அச்சை உடைக்காமல், முதலில் படகை மிதக்கவிட்டுப் பாரத்தைக் குறையுங்கள்.

இறக்கும்போது ஒன்று. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ட்ரெயிலர் சில்லுக் குடத்தை உடனே குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டால் சீல் வழியே பெயரிங்குக்குள் தண்ணீர் உறிஞ்சப்படும். ஒரு கோப்பி குடிக்கிற நேரம் பொறுங்கள். படகை ட்ரெயிலரோடு பிடித்திருக்கும் வின்ச் பட்டியைத் தண்ணீருக்குள் போனபிறகே கழற்றுங்கள். கொங்கிறீட்டில் விழுந்த படகுகளும் எங்களிடம் வருகின்றன.

2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் தரைவழியே கொண்டுபோகுமுன் படகின் வடிகால் தக்கையைத் திறந்து, நீர்ச்செடி, பாசி, நீர்வாழ் உயிர்கள் எல்லாம் இயன்றவரை அகற்றவேண்டும் என்பது சட்டம். திறந்ததை மறந்துவிட்டு அடுத்த முறை அப்படியே இறக்குகிறவர்கள் உண்டு. அந்த ஸ்கார்பரோ அண்ணையின் தக்கை இப்போது பிக்கப் சாவியோடு தொங்குகிறது.