உடுக்குறி: சொல் விளக்கம்

உடுக்குறி என்பது * என்ற குறி. 73* என்ற எண்ணைப் பார்த்தால், கிரிக்கெட் பழகிய கண் ‘73 ரன், ஆட்டமிழக்கவில்லை’ என்றே படிக்கும். அங்கே அந்தக் குறி பெருமைக்குரியது. அமெரிக்க பேஸ்பாலில் அதே எண்ணோடு அதே குறியைப் போடுபவர் சொல்ல வருவது, ‘இந்தச் சாதனையை நான் நம்பவில்லை’ என்பதை. 2001 பருவத்தில் பாரி பாண்ட்ஸ் என்ற வீரர் அடித்த ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) 73. ஊக்கமருந்து ஐயம் படிந்த எண் அது.

ஆங்கிலத்தில் இந்தக் குறியின் பெயர் ஆஸ்டரிஸ்க். ‘ஆஸ்டெரிஸ்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் ‘சின்ன விண்மீன்’ என்று பொருள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் ஹோமரின் காவியங்களைப் பதிப்பித்த அரிஸ்டார்க்கஸ், வேறோர் இடத்திலும் திரும்ப வரும் அடிகளின் ஓரத்தில் இதை இட்டார். இடைச்செருகல் என்று அவர் ஐயப்பட்ட அடிகளுக்கான குறி வேறு: ஒரு கிடைக்கோடு. ஆகவே ஐயம் என்பது இந்த விண்மீனின் பிறவிப் பொருள் அன்று. பிற்கால அச்சுப் புத்தகங்களில் அது ‘அடிக்குறிப்பைப் பார்’ என்று கைகாட்டும் குறியாயிற்று.

பேஸ்பாலில் அதன்மேல் ஐயம் ஏறிய ஆண்டு 1961. பேப் ரூத் 1927-இல் 60 ஹோம் ரன் அடித்தபோது ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள். 1961-இல் அது 162 ஆனது. ரோஜர் மாரிஸ் ரூத்தை நெருங்கியபோது, பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் ஜூலை 17 அன்று ஒரு தீர்ப்பு சொன்னார்: 154 ஆட்டங்களுக்குள் முறியடிக்காவிட்டால் சாதனை ஏட்டில் தனிக் குறிப்போடுதான் பதிவாகும். (ஃப்ரிக் ஒரு காலத்தில் ரூத்தின் பெயரில் கட்டுரை எழுதிக் கொடுத்தவர், அந்த உறவு அப்போதே பேசப்பட்டது.) மாரிஸ் தன் 61-ஆவதை அக்டோபர் 1 அன்று, கடைசி ஆட்டத்தில் அடித்தார். இரண்டு சாதனைகளும் தனித்தனி வரிகளில் அச்சாயின. உடுக்குறி எதுவும் போடப்படவில்லை. அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தது ஒரு செய்தியாளர். 1991-இல் அந்தத் தனி வரியும் நீக்கப்பட்டது. இல்லாத குறி முப்பது ஆண்டுகள் மக்கள் வாயில் வாழ்ந்தது.

ஊக்கமருந்துப் பேச்சு வந்தது அதற்குப் பிறகு. 1998-இல் மார்க் மெக்குவயர் 70 அடித்தார். அந்த ஆகஸ்டில் அவருடைய அலமாரியில் ‘ஆண்ட்ரோ’ என்ற ஹார்மோன் சார்ந்த ஊக்கப்பொருளின் குப்பியை ஒரு செய்தியாளர் பார்த்தார். ஒலிம்பிக்கில் அது தடை செய்யப்பட்ட பொருள். பேஸ்பாலில் அன்று தடையில்லை. ஸ்டீராய்டு பயன்படுத்தியதை மெக்குவயர் 2010-இல் ஒப்புக்கொண்டார். தெரிந்தே எதையும் பயன்படுத்தவில்லை என்பது பாண்ட்ஸின் சாட்சியம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாண்ட்ஸின் 73-க்குக் குறி கேட்பவர்கள், சோதனையில் தோற்றவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். ஆனால் 2001-இல் மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டி) வீரர்களுக்கு ஸ்டீராய்டு சோதனையே இல்லை. 2003-இல் பெயர் வெளியிடாமல் ஓர் ஆய்வுச் சோதனை நடந்தது. 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சோதனைகளில் மருந்து தெரிந்ததால் 2004 முதல் சோதனை கட்டாயமானது. 2014-இலிருந்து தண்டனை: முதல்முறை 80 ஆட்டங்கள், இரண்டாம்முறை 162, மூன்றாம்முறை நிரந்தரத் தடை.

சோதனை இருந்தாலும் எல்லாம் தெளிந்துவிடாது. சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கும், உடலில் இயல்பாக உள்ள அதன் இணைப்பொருளான எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் பெரும்பாலோருக்கு 1:1-ஐ ஒட்டியே இருக்கும். 4:1-ஐத் தாண்டினால் சந்தேகம். அதன்பின் கார்பன் ஐசோடோப்பு சோதனை: ஆய்வகத்தில் செய்யும் டெஸ்டோஸ்டிரோனுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் சோயா போன்ற தாவரம் என்பதால், அதில் கார்பன்-13 சற்றுக் குறைவு, உடல் தானே சுரந்ததிலிருந்து அது பிரிந்து தெரியும். ஆனால் டி.ஹெச்.ஜி. என்ற ஸ்டீராய்டு வழக்கமான கருவியில் ஏற்றத் தயார்செய்யும்போதே சிதைந்து, தடயமின்றித் தப்பியது. 2003-இல் ஒரு தடகளப் பயிற்சியாளர் அனுப்பிய ஊசிக்குழலில் மிஞ்சிய துளியிலிருந்துதான் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வகம் அதை அடையாளம் கண்டது. பட்டியலில் இல்லாத பொருளைச் சோதனை தேடாது.

இன்னொன்று: பேஸ்பாலில் ஊக்கமருந்துப் பயன்பாட்டை விசாரித்து 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கை பெயர் சொன்ன 89 பேரில் பந்து வீசுபவர்களும் உண்டு. அடித்தவர் எண்ணுக்குக் குறி போட்டால், வீசியவர் எண்ணுக்கு என்ன போடுவது?

அதிகாரப்பூர்வ ஏட்டில் பாண்ட்ஸின் 73-க்கும், வாழ்நாள் மொத்தக் கணக்கான 762-க்கும் குறி கிடையாது. ஒரே ஒரு பொருளில் அது உண்மையாகவே இருக்கிறது: ஹாங்க் ஆரோனின் வாழ்நாள் கணக்கான 755-ஐத் தாண்டி 2007 ஆகஸ்ட் 7 அன்று பாண்ட்ஸ் அடித்த 756-ஆவது ஹோம் ரன்னின் பந்து. அதை 7,52,467 டாலருக்கு வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, தோலில் குறியைப் பொறித்து, கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘நட்சத்திரக் குறி’ பரவலாக வழங்குகிறது. தொலைபேசிப் பொத்தானுக்கு அது போதும். இங்கே அது காலை வாரிவிடும். நட்சத்திர வீரர், ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று நட்சத்திரம் நமக்குப் புகழ்ச்சிச் சொல். ‘நட்சத்திரக் குறி பெற்ற சாதனை’ என்றால் பாராட்டாகிவிடும். ‘உடு’ என்றாலும் விண்மீன்தான். நிலவுக்கு உடுபதி என்று பெயர். ஆனால் அதில் புகழின் சாயல் இல்லை. எனவே உடுக்குறியே பொருத்தம். மூலத் திராவிட வடிவங்களை மொழியியலார் எழுதும்போது முன்னால் இடுவதும் இதே குறிதான்: ‘எழுத்துச் சான்று கிடைக்கவில்லை, ஊகித்தது’ என்று அதற்குப் பொருள். பேஸ்பால் ஐயத்துக்கு மிக அருகில் வரும் பயன்பாடு அது.

எழுதும்போது குறியை மட்டும் தொங்கவிட வேண்டாம். நம் வாசகர் ‘ஆட்டமிழக்கவில்லை’ என்று படித்துவிடுவார். அடிக்குறிப்பில் காரணத்தையும் எழுதுங்கள்: ‘2001, அப்போது மேஜர் லீக்கில் ஸ்டீராய்டு சோதனை நடைமுறையில் இல்லை.’