இரண்டு கால்களிலும் பலவீனம்: மருத்துவக் குறியீடு எப்படி முடிவாகிறது?

அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளை, அதாவது நோயாளிப் பதிவுகளை, சென்னையிலும் கோவையிலும் இருந்து கோடிங் செய்பவர்கள் (நோயறிதல்களைக் குறியீடுகளாக மாற்றுபவர்கள்) அடிக்கடி சந்திக்கும் வரி, "இரண்டு கால்களிலும் பலவீனம்". நோயாளியின் உடல்நிலை ஒன்றாகவே இருந்தாலும், டாக்டர் எழுதிய சொல்லைப் பொறுத்துக் குறியீடு மாறும்.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் இதற்கென்று தனிக் குறியீடு கிடையாது. காரணம் தெரியாத நிலையில் வழக்கமாகப் போடுவது ஆர்29.898. தசை, எலும்பு மண்டலத்தின் 'பிற அறிகுறிகள்' எல்லாம் அதில்தான் அடங்கும். இடது, வலது என்ற பிரிவு இல்லாததால் இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரு முறை போட்டால் போதும். உடல் முழுவதும் தசை பலவீனம் என்றால் எம்62.81. எங்கே என்று சொல்லாமல் 'பலவீனம்' என்று மட்டும் இருந்தால் ஆர்53.1. கால் மட்டும் தளர்ந்தவருக்கு எம்62.81 போடுவது பரவலான தவறு.

டாக்டர் 'பாராபரேசிஸ்' (இரு கால்களிலும் பகுதி வாதம்) என்று எழுதினால் கதையே வேறு. தொகுப்பின் அகரவரிசை அட்டவணை நேராக ஜி82.20க்கு, அதாவது பாராப்ளீஜியா (இரு கால் வாதம்) பிரிவுக்கு, அழைத்துப் போகும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இது நோயாளியின் அபாய மதிப்பெண்ணை (எவ்வளவு செலவாகலாம் என்ற கணிப்பை) ஏற்றி, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும் தொகையையும் கூட்டும். எனவே தசை வலிமை 2/5 என்று பதிவாகி இருந்தாலும் கோடர் தானாக ஜி82க்குப் போகக் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதிலும் "பாராபரேசிஸ் என்று எழுதலாமா?" என்று விடையைத் திணிக்காமல், பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துக்காட்டி, "இவை குறிக்கும் நோயறிதல் என்ன?" என்றே கேட்க வேண்டும்.

அந்தக் குறிப்புகள் சரியாக இருந்தால்தான் கேள்விக்கும் பலம் உண்டு. வலிமையை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள்: தசை அசையவே இல்லை என்றால் 0, புவியீர்ப்பை மட்டும் எதிர்த்துத் தூக்கினால் 3, இயல்பு என்றால் 5. கீழ்முதுகிலிருந்து காலுக்கு வரும் நரம்பு வேர்களில், இடுப்பை மடக்குவது எல்2, முழங்காலை நீட்டுவது எல்3, பாதத்தை மேலே தூக்குவது எல்4, பெருவிரலைத் தூக்குவது எல்5, பாதத்தைக் கீழே அழுத்துவது எஸ்1 நரம்பு வேரைக் காட்டும். இரு பக்கமும் தனித்தனியாக எழுத வேண்டும். எப்போது தொடங்கியது, முழங்கால், கணுக்கால் அனிச்சைகள் எப்படி, சிறுநீர் பிரிகிறதா என்பதும் அவசியம். அனிச்சை மறைந்து பலவீனம் மேலேறினால் நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் (ஜி61.0) நினைவுக்கு வரும், உட்காரும் இடம் மரத்துச் சிறுநீர் அடைத்தால் தண்டுவடத்தின் அடி நரம்புக் கற்றை நசுங்கும் காடா ஈக்வினா (ஜி83.4). இரண்டுமே அவசர நிலைகள்.

நோயறிதல் உறுதியானதும் அதன் அங்கமான அறிகுறிக்குத் தனிக் குறியீடு போடுவதில்லை. நடந்தால் கால் தளரும் இடுப்புத் தண்டுவடக் குறுக்கத்துக்கு எம்48.062 போட்டபின் ஆர்29.898 தேவையில்லை. 'கில்லன்-பாரேயாக இருக்கலாம்' என்ற குறிப்பு புறநோயாளி சார்ட்டில் இருந்தால் அறிகுறியை மட்டும் குறிக்க வேண்டும். உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் நோயறிதலாக இருந்தால் ஜி61.0 போடலாம்.

ஆய்வக அறிக்கையிலும் கவனம் வேண்டும். தசையைத் தளர்த்தும் அளவுக்குப் பொட்டாசியம் குறைந்து 2.1 என்று இருப்பதை வைத்து மட்டும் இ87.6 போட முடியாது. டாக்டர் 'ஹைபோகலீமியா' (பொட்டாசியம் குறைவு) என்று எழுதியிருக்க வேண்டும். பொட்டாசியம் ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் நோயறிதல் எழுதவில்லை என்றால் அதற்கும் கேள்வி அனுப்ப வேண்டியதுதான்.